முடியாது என்று சொல்லப் படித்தவர்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். இனோசிக்கு நாற்பத்தொன்பது. காலைப் பரேடில் அவருக்கு இடப்பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபத்தொன்று, வலப்பக்கம் நின்ற பையனுக்கு அதைவிடக் குறைவு. சூவா நகரில் இரவெல்லாம் பெய்த மழை மைதானத்தில் தேங்கிக் கிடந்தது. இளசுகள் தண்ணீரை மிதித்துத் தெறிக்கவிட்டுக்கொண்டு போனார்கள். இனோசியின் கால்கள் வைத்த இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பின. சிறைத்துறை ரக்பி அணிக்காக ஒரு காலத்தில் எதிரணியையே நெட்டித் தள்ளிய கால்கள்.

"மாமா, முழங்காலைத் தூக்குங்க. சார்ஜென்ட் பாக்கறாரு" என்று அந்தப் பெண் பல்லிடுக்கில் சொன்னாள்.

"தூக்கினா இறங்காதும்மா. அப்புறம் நீதான் வந்து இறக்கி விடணும்."

சிரித்ததற்குத் தண்டனையாக இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அவள் ஓடினாள், அவர் ஓடுவது போல நடந்தார்.

புதிதாக வேலைக்கு எடுத்த பிள்ளைகளுக்கான பயிற்சிப் பள்ளி அது. இனோசி கால் நூற்றாண்டாகச் சிறை வார்டர். கந்தாவு தீவிலிருந்து கப்பலேறி வந்தபோது அவருக்குக் கொடுத்த பயிற்சி மூன்றே விஷயம்: லத்தி, சாவி, பரேடு. "சாவியைத் தொலைக்காதே, லத்தியைத் தூக்காதே, மத்ததைக் கைதிகளே சொல்லிக் குடுப்பாங்க" என்று அன்றைய சார்ஜென்ட் சொல்லி அனுப்பினார். அந்த மூன்றை வைத்துக்கொண்டு இனோசி இத்தனை காலம் ஓட்டிவிட்டார். இப்போது மறுபடி முதல் வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார்கள். காரணம் ஒரு மழைக்கோட்டு.

கந்தாவு தீவுக்காரர்களுக்கும் நைத்தாசிரி மலைக்காரர்களுக்கும் தௌவு முறை. எந்தக் காலத்து முன்னோர் கட்டிவைத்த உறவோ, இந்த இரண்டு ஊர்க்காரர்கள் எங்கே சந்தித்தாலும் முதலில் ஏச்சு, அப்புறம்தான் நலம் விசாரிப்பு. ஏசினால் முகம் சுளிக்கக் கூடாது. தௌவு கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. சாவு வீட்டில்கூட தௌவு வந்து அடுப்பிலிருக்கும் பன்றிக்கறியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் பெண்கள் அழுகையும் சிரிப்புமாக அவனைத் துரத்துவார்கள். அவனை எதிர்பார்ப்பதே அதற்காகத்தான்.

இனோசி கந்தாவு. எமோரி நைத்தாசிரி. மலையில் கஞ்சா பயிரிட்டு நீண்ட தண்டனையோடு வந்தவன் எமோரி. மண்ணைத் தொட்டால் முளைக்கிற கை என்பதால் சிறைத் தோட்டத்தில் சேப்பங்கிழங்கு போடும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்குக் காவல் இனோசி. வந்த முதல் நாளே எமோரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரோ பேய்க்கணவாய்க்கு யூனிபார்ம் மாட்டி நிறுத்தியிருக்காங்கப்பா" என்றான். "கடல் தண்ணி உப்புன்னே தெரியாத காட்டுப்பன்னி, குனிஞ்சு மண்ணைத் தோண்டு" என்றார் இனோசி. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கிழங்கு வளர்த்தார்கள். மற்ற கூட்டங்களில் மண்வெட்டியால் மண்டை உடைந்ததுண்டு. இந்தத் தோட்டத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எவனாவது கை ஓங்கினால் எமோரியே குறுக்கே விழுவான். "டேய், அந்தக் கணவாயைத் திட்டற உரிமை எனக்கு மட்டும்தான். அவன் டூட்டியில வம்பு வெச்சீங்க, உங்களை உரமாப் போட்டுருவேன்" என்பான்.

மழைக்கோட்டு விவகாரம் ஒரு மத்தியான மழையில் நடந்தது.

"தௌவு, கோட்டைக் கழட்டு" என்றான் எமோரி, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு.

"எதுக்குடா?"

"கடல்ல பொறந்தவனுக்கு எதுக்குய்யா மழைக்கோட்டு? மீனு குடை புடிக்குமா?"

கேட்டுவிட்டான். இனோசி கழற்றிக் கொடுத்தார். எமோரி அதை மாட்டி, தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மண்வெட்டியை வைத்துவிட்டு நேரே வாசலை நோக்கி நடந்தான். கேட்டில் நின்ற வார்டர் மழையில் கண்ணைத் திறக்கவே முடியாமல் கோட்டுக்கு ஒரு சல்யூட் வைத்துக் கதவைத் திறந்துவிட்டான். எமோரி வெளியே போனான். எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்தான். பிறகு திரும்பி வந்து கேட்டை உதைத்தான்.

"உள்ளே விடுங்கடா! எனக்குச் சாப்பாட்டு நேரம். அந்தக் கணவாய் என் பங்கையும் தின்னுடுவான்."

சிறை முழுக்க வயிறு வலிக்கச் சிரித்தது. சூப்பிரண்டும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார் என்று கேள்வி. ஆனால் சிரிப்புச் சத்தம் தலைமையகம் வரை போய்விட்டது. எமோரியைத் தனி அறையில் போட்டார்கள். இனோசியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏன்யா குடுத்தீங்க?"

"கேட்டான் சார்."

"கேட்டா?"

"தௌவு சார்."

விசாரித்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நானும் இந்த மண்ணுல பொறந்தவன்தான்யா. எனக்குப் புரியாதா? ஆனா அறிக்கையில என்னன்னு எழுதறது? 'கைதி கேட்டான், காவலர் குடுத்தார்'னா? அவன் ஓடியிருந்தா?" கடைசியில், புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பயிற்சியை முதலிலிருந்து முடிக்க வேண்டும், கடைசிப் பரீட்சையில் தேறாவிட்டால் யூனிபார்மைக் கழற்றிவிட வேண்டும் என்று முடிவு வந்தது.

யூனிபார்ம் போனால் சிறை வளாகத்து வீடும் போகும். மகள் நர்சிங் படிப்பில் பாதியில் நிற்கிறாள். மனைவி மகெரெதா செய்தியைக் கேட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள்: "நல்லவேளை, அவன் கோட்டோட விட்டான். பொண்டாட்டியைக் கேட்டிருந்தா என்னையும் மூட்டை கட்டி அனுப்பியிருப்பே."

"உன்னை எவன் கேப்பான்?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல. போ, போய்ப் பாஸ் பண்ணிட்டு வா. இல்லேன்னா தீவுக்குத்தான் போகணும். உங்கண்ணன் வீட்டுல என்னால குப்பை கொட்ட முடியாது, சொல்லிட்டேன்."

பயிற்சிப் பள்ளியில் பகல் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. சட்டம், முதலுதவி, அறிக்கை எழுதுவது, தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள நினைக்கும் கைதியை எப்படிக் கண்டுகொள்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம். எதுவும் தப்பான பாடம் இல்லை. சில பாடங்களைக் கேட்டபோது, இது முன்னமே தெரிந்திருந்தால் ஒரு உயிரைக் காப்பாற்றியிருப்போமே என்று இனோசி நினைத்துக்கொண்டார். ஆனால் உடம்பு கேட்கவில்லை. சட்ட வகுப்பில் கண் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்துப் பையன் விலாவில் குத்துவான். "மாமா, குறட்டை." மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவார்.

அவரை நிஜமாகவே படுத்தியது எல்லைப் பாடம். காவலருக்கும் கைதிக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு எது என்பதுதான் அது. கைதியிடம் எதையும் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, அவன் குடும்பத்தோடு போக்குவரத்து கூடாது. கேட்டால் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும்: நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது; அதை என்னால் செய்ய முடியாது; அதற்கு உரியவரிடம் உங்களைக் கூட்டிப் போகிறேன். இந்தப் பாடத்தை நடத்தியவள் லைசானி. அதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும், குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்குகிறவள். அவளே கைதியாக நடித்து ஒவ்வொருவரிடமும் எதையாவது கேட்பாள். கெஞ்சுவாள், மிரட்டுவாள், அழுவாள். பிள்ளைகள் மூன்று வாக்கியத்தை மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்துத் தப்பித்தார்கள்.

இனோசியின் முறை வந்தது. "சார், உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க சார், வீட்டுக்கு எழுதணும்" என்றாள். இனோசி மூன்று வாக்கியத்தையும் சொன்னார். இவ்வளவுதானா என்று வகுப்பே கை தட்டியது. லைசானி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"நான் எந்த ஊருன்னு கேக்கலியே நீங்க?"

"எந்த ஊரு மேடம்?"

"நைத்தாசிரி." அவள் கையை நீட்டினாள். "யோவ் மீன்நாத்தம், பேனாவைக் குடு."

இனோசியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா அவள் கைக்குப் போய்விட்டது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"தொப்பி."

தொப்பியும் போனது.

"ஷூ."

இனோசி குனிந்து கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவர் முழங்கால் மடக்கிக் குனிந்த விதத்தைப் பார்த்துச் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. லைசானிதான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எழுந்திருங்க. போய் உக்காருங்க" என்றாள், மெதுவாக.

வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்தினாள். "உங்களை அவமானப்படுத்தணும்னு செய்யல."

"தௌவு அவமானப்படுத்த முடியாது மேடம்."

"அதான் பிரச்சனையே. இதோ பாருங்க, எமோரி வெளிய போனான், திரும்பி வந்தான். எல்லாரும் திரும்பி வருவாங்களா?"

"அவன் தௌவுங்கறதாலதான் மேடம் திரும்பி வந்தான். அவன் ஓடியிருந்தா என் வேலை போயிருக்கும்னு அவனுக்குத் தெரியும்."

லைசானி பலகைப் பக்கம் திரும்பினாள். அழித்த பலகையையே மறுபடி அழித்தாள். "அதைப் பரீட்சையில எழுதாதீங்க" என்றாள் கடைசியில்.

அன்றிலிருந்து மெஸ்ஸில் மத்தியானம் தவறாமல் அவள் வந்து அவர் தட்டுக்கு முன்னால் நிற்பாள். தேங்காய்ப்பாலில் வெந்த மீன் துண்டைச் சுட்டிக் காட்டி, "கணவாய், அது எனக்கு" என்பாள். இனோசி தட்டை நகர்த்துவார். அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். போகும்போது, "மூணு வாக்கியம்யா. வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்பாள். அவர் வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்குவார். பிள்ளைகள் தங்கள் தட்டிலிருந்து அவருக்கு மீனைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அதையும் அவள் வந்து எடுத்துப்போனாள்.

சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போனால் அங்கேயும் பாடம். மகெரெதா அகப்பையை ஆட்டிக்கொண்டு கைதி வேஷம் போட்டாள்.

"தௌவு, அந்த நாற்காலியை எனக்குக் குடு."

"நீ என் பொண்டாட்டிடீ. உன்கிட்ட முடியாதுன்னு தானா வந்துடுது."

"அடப்பாவி, எனக்கு மட்டும் எப்படிய்யா பொசுக்குன்னு வருது?"

அன்று ராத்திரி கவா என்ற வேர்ச்சாறு குடிக்கக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூட இனோசி போகவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது. கால் வலித்தது, கண் வலித்தது. இந்த வயதில் தன்னைப் பிரித்து மறுபடி தைக்கிறார்கள் என்று தோன்றியது. எமோரி நினைவுக்கு வந்தான். தனி அறையில் திட்ட ஆள் இல்லாமல் என்ன செய்கிறானோ.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது அது. காலையில் இரண்டு தடவை மைதானம் சுற்றவிட்டிருந்தார்கள். பசி கண்ணை அடைத்தது. லைசானி வந்து நின்றாள். "கணவாய், மீனு."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றது இனோசியின் வாய். "அதை என்னால செய்ய முடியாது."

பிள்ளைகள் தட்டைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இடப்பக்கத்துப் பெண் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். லைசானி சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். இனோசி மீனை எடுத்து வாயில் வைத்தார். அத்தனை பசியிலும் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டார். தீவில் இருக்கும் அப்பாவின் முகத்தில் காறித் துப்பியது போல இருந்தது.

பரீட்சையன்று தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். லைசானி கைதிச் சட்டையோடு, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். "தௌவு, குளிருது. உன் மழைக்கோட்டைக் குடு. எங்கம்மா மேல சத்தியமா திருப்பித் தர்றேன்."

இனோசி மூன்று வாக்கியத்தையும் சொன்னார். அவள் அழுதாள், ஏசினாள், கந்தாவு மண்ணையே சபித்தாள். அவர் மூன்றையும் மறுபடி அதே குரலில் சொன்னார். மூலையில் இருந்தவர் திருப்தியாக எழுந்து கை குலுக்கினார். யூனிபார்ம் தப்பியது.

விடைபெறும்போது லைசானி வாசல் வரை வந்தாள். "எங்கப்பா உயிரோட இருந்திருந்தா இன்னைக்கு என்னை விறகுக்கட்டையால போட்டிருப்பாரு. கந்தாவுக்காரனுக்கு, நம்மகிட்ட முடியாதுன்னு சொல்லக் கத்துக் குடுத்திருக்கேன்."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க மேடம்" என்றார் இனோசி. அதில் கிண்டல் இல்லை. கிண்டல் இல்லாததை அவளும் கவனித்தாள்.

மறுபடி தோட்டத்துக்குப் போன அன்று எமோரியும் தனி அறையிலிருந்து வந்திருந்தான். இளைத்திருந்தான், நரை கூடியிருந்தது. இனோசியைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான். "வந்துட்டான்யா கணவாய்! எட்டுக் காலுக்கும் ஷூ போட்டுவிட்டாங்களா?"

"உன்னை இன்னுமா பன்னிக்கூட்டத்துல சேக்கல?" என்றார் இனோசி. மனசு லேசானது. படித்ததெல்லாம் படித்தது, இது இது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

எமோரியின் அம்மா இறந்துபோனாள். மலைப் பாதை மண் சரிந்து கிடந்தது, கூட அனுப்பக் காவலர் இல்லை என்று அவனைச் சாவுக்கு அனுப்ப மறுத்துவிட்டார்கள். தோட்டத்தில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இனோசி பக்கத்தில் போனார்.

"தௌவு" என்றான், நிமிராமல். "எங்கம்மாவுக்கு உங்க ஊருக்காரங்கன்னா உயிரு. எங்கப்பா சாவுக்கு ஒரு கந்தாவுக்காரன் வந்து, குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்கிட்டு, 'பன்னிக்கால் குடுத்தாதான் எழுந்திரிப்பேன்'னான். எங்கம்மா அப்படிச் சிரிச்சா. அவ சிரிச்சு நான் கடைசியாப் பாத்தது அதான். நீ போ. மத்தவங்க நடந்தே போயிக்கிட்டிருக்காங்க. நான்தான் போக முடியல, நீயாவது போய் எதையாவது தூக்கிக்கிட்டு ஓடு. அவ சிரிக்காம போகக் கூடாது."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்றார் இனோசி. "அதை என்னால செய்ய முடியாது. அதுக்கு உரியவங்ககிட்ட உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. யோசித்துச் சொன்னதில்லை. பையிலிருந்து பேனா தானாகப் போனது போல, வாயிலிருந்து தானாக வந்திருந்தது. 'நீங்க' என்றுகூடச் சொல்லியிருந்தார்.

எமோரி நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேலி என்று நினைத்து உதட்டோரம் சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது. இனோசியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. மெல்ல எழுந்தான். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, கையைத் தொங்கவிட்டு நேராக நின்றான்.

"சரிங்க சார்" என்றான்.

உரியவரிடம் இனோசி அவனைக் கூட்டிப் போகத்தான் செய்தார். நலத்துறை அதிகாரி ஆறுதல் சொல்லி ஒரு ஜெபம் செய்து அனுப்பினார்.

வீட்டில் மகெரெதா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "யூனிபார்மைக் கழட்டி வெச்சிட்டுப் போய்ட்டு வாயேன்யா. யாருக்குத் தெரியப்போவுது?"

"தௌவு சாவு வீட்டுக்குச் சத்தமில்லாம போக முடியுமாடீ? கத்தணும், திருடணும், ஊரே துரத்தணும். நாளைக்கே எவனாவது போனுல புடிச்சுப் போட்டுருவான். கைதி வீட்டுல வார்டருன்னு."

அப்படிச் சொன்னவர், அடக்கத்தன்று சனிக்கிழமை காலையில் பஸ் நிலையம் வரை போனார். மலை போகிற பஸ் நின்றிருந்தது. மண் சரிந்த இடம் வரை போகும், அதற்கு மேல் நடை. கண்டக்டர், "ஏறறியா பெரிசு?" என்று கேட்டான். இனோசி பெஞ்சில் உட்கார்ந்து மகளின் படிப்பை நினைத்தார், வீட்டை நினைத்தார், அண்ணன் வீட்டுத் திண்டாட்டத்தை நினைத்தார். பஸ் போய்விட்டது. ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். மகெரெதா அதை வாங்கித் துண்டு போட்டாள்.

அதற்குப் பிறகு எமோரி அவரை ஏசவே இல்லை. காலையில் "வணக்கம் சார்." சாயங்காலம் "வர்றேன் சார்." சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தான். இனோசி ஒருநாள் வலிய, "என்னடா காட்டுப்பன்னி, கிழங்கு உன்னை மாதிரியே இளைச்சிருக்கு?" என்று பார்த்தார். "அடுத்த தடவை நல்லா உரம் போடறேன் சார்" என்று பதில் வந்தது. மற்ற கைதிகளுக்கே என்னவோ போலாகிவிட்டது. ஒரு மத்தியானம் இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மோதினார்கள். எமோரி பக்கத்து வரிசையில்தான் நின்றான். குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். இனோசி விசிலடித்து ஆள் வருவதற்குள் ஒருவன் மண்டை உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் சிந்திய முதல் ரத்தம்.

சூப்பிரண்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தோட்டம்னா அடிதடி இருக்கத்தான் செய்யும். ஆனா இனோசி, உங்க கூட்டத்துல இப்ப ஒரு ஒழுங்கு தெரியுது. பயிற்சி நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று தோளில் தட்டினார். இனோசி சல்யூட் அடித்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வேலையை நிறுத்திக் கைதிகளை உள்ளே அனுப்ப உத்தரவு வரத் தாமதமானது. எமோரி கடைசி வரிசையில் தனியாக நின்று நனைந்துகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டி, விலா எலும்பு எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. இனோசி சேற்றில் காலை இழுத்து இழுத்து அவனிடம் போனார். மழைக்கோட்டைக் கழற்றினார். வீடு போனால் போகட்டும், அண்ணன் வீட்டில் குப்பை கொட்டிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. தோன்றியதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"இந்தாடா" என்று நீட்டினார். "கேக்காமலே குடுக்கறேன். போட்டுக்கோ. போட்டுக்கிட்டு எங்க வேணாப் போ, எனக்குக் கவலையில்ல. வாங்கிக்கோ தௌவு."

எமோரி கோட்டைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூட இனோசி பிழைத்துப்போயிருப்பார். கோபம் இல்லை.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது சார்" என்றான். "அதை என்னால வாங்கிக்க முடியாது சார்."

குனிந்து மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். இனோசி நீட்டிய கையை மடக்க மறந்து அங்கேயே நின்றார். இரண்டு பேரும் நனைந்தார்கள்.